உன் வயதே ஆன ஒரு காயம்

என் மவனுக்கு உம்மா எழுதுவது. நீயும் உன் அறையில் கூடத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று இறைவனிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ சவூதியில் தமாமுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து போனில் முகம் பார்த்தே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் இப்போது சொல்லப்போவதை முகம் பார்த்துச் சொன்னால் நீ தலையைக் குனிந்துகொள்வாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். குரலில் பேசி அனுப்பலாம் என்றால், நீ அதைக் கேட்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்களோ தெரியாது. அதனால் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நீ உன் பொண்டாட்டியைப் பற்றி என்னிடம் சொன்னாய்: "அவளுக்கு இங்க வாரதுக்கு மனசு இல்ல உம்மா. ரெண்டு தடவ டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு தடவையும் கடைசி நேரத்துல மாட்டேங்கா. போன்ல பேசினாலும் மூஞ்சியத் திருப்பிக்கிடுதா. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லட்டும். நான் அவ வாப்பாகிட்ட பேசிக்கிடுதேன்." நீ கோபத்தில் சொல்லவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. யோசித்து முடிவுக்கு வந்த ஆள் மாதிரி நிதானமாகச் சொன்னாய். கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு பெண்ணை, அவள் சொல்லாத ஒரு காரணத்தை நீயாக எழுதிக்கொண்டு, அவள் வாப்பாவிடம் பேசித் தீர்க்கப் போகிறாய் என்றதும் இனி நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

சபீனாவுக்கு உன்னைப் பிடிக்காமல் போகவில்லை. பிள்ளை பெற்றதில் அவள் உடம்பில் ஒரு காயம் ஆகியிருக்கிறது. வெளியே தெரியாத இடத்தில், வெளியே சொல்ல முடியாத காயம். அதை உனக்குச் சொல்ல அவள் சம்மதம் கொடுத்துவிட்டாள். ஆனால் அவளுடையதைச் சொல்வதற்கு முன்னால் என்னுடையதைச் சொல்ல வேண்டும். என் காயத்துக்கும் உனக்கும் ஒரே வயது. நீ பிறந்தபோது வந்தது அது. இதைப் படித்ததும் உன் மனசு எங்கே போகும் என்று பெற்றவளுக்குத் தெரியும். அங்கே போகாதே. நீ எனக்கு எதுவும் செய்யவில்லை. ஒரு குறுகிய வாசலில் நீயும் நானும் சேர்ந்து மாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். இரண்டு பேரும் உயிரோடு வெளியே வந்தோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மேல் சிலிர்க்கிறது.

அப்போது நாங்கள் மேலப்பாளையத்தில் வாய்க்காலை ஒட்டிய வீட்டில் இருந்தோம். உன் வாப்பா சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றோரத்து ஊர்களுக்கெல்லாம் யாவாரத்துக்குப் போவார். நான் பத்தாவது முடித்து, தையல் படித்து, பெரிய தையல் கடையில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசையோடு இருந்த சின்னப் பிள்ளை. ஒல்லியாக, குட்டையாக இருப்பேன். வியாழக்கிழமை காலையில் வலி கண்டது. தலைச்சன் பிள்ளை, அப்படித்தான் இழுக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க வலி இருந்தது, நீ இறங்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் உன் வாப்பா யாரையும் கேட்கவில்லை. ஒரு வாடகைக் காரைக் கூட்டிக்கொண்டு வந்து, என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டு உன்னை எடுத்தார்கள். நீ நீலமாக இருந்தாய். சத்தமே இல்லை. அறையில் எல்லோரும் அவரவர் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார்கள். அப்புறம் நீ அழுதாய். ஒரு ஆட்டுக்குட்டி கத்துவது போல மெல்லிசாக ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தத்துக்கு அப்புறம் எதுவும் ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் போல இருக்கும். உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்திருந்த பாய் நனைந்திருந்தது. நீதான் நனைத்துவிட்டாய் என்று நினைத்து உன்னைத் தூக்கிப் பார்த்தால் உன் துணி காய்ந்திருக்கிறது. மூத்திரம் என்னிடமிருந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த உணர்வே இல்லை. சொட்டுச் சொட்டாக, நிற்காமல், நடந்தாலும் படுத்தாலும் போய்க்கொண்டே இருந்தது. பச்சை உடம்பு, சரியாகிவிடும் என்றார்கள். நாற்பது நாள் கழிந்தது, உனக்குப் பல் முளைத்தது, நீ நடந்தாய். எனக்குச் சரியாகவில்லை. பின்னாளில்தான் காரணம் தெரிந்தது. அவ்வளவு நேரம் உன் தலை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்ததில், மூத்திரப் பைக்கும் பிள்ளை வரும் வழிக்கும் நடுவில் இருந்த சதைக்கு ரத்தம் ஓடாமல் செத்து, ஒரு வாரத்தில் உதிர்ந்து, ஓட்டையாகிவிட்டது. ஒரு சட்டைப் பொத்தான் நுழையும் ஓட்டை. அது என் வாழ்க்கையில் எதையெல்லாம் விழுங்கியது என்று நினைத்துப் பார்த்தால், இவ்வளவு சின்ன வாய்க்கு அவ்வளவு பெரிய வயிறா என்று தோன்றும்.

தையல் கடை ஆசை அதில் முதலில் போனது. அடுத்தவர் இடத்தில், அடுத்தவர் நாற்காலியில் நான் எப்படி உட்காருவேன்? வீட்டில் இருந்தே பீடி சுற்ற ஆரம்பித்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பீடி இலையும் புகையிலைத் தூளும் கலந்த நெடி மூக்கில் ஏறும். அந்த நெடியில் என் வாடை தெரியாது. மடியில் சுளகு, சுளகில் தூள், கீழே நாலாக மடித்த துணி. அப்படியே பொழுது போகும். தண்ணீர் குடித்தால்தானே போகிறது என்று குடிப்பதைக் குறைத்தேன். அதனால் போவது நெருப்பாகப் போனது. தொடை இரண்டும் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகும். கல்யாணம், சுன்னத்து, மௌத்து விழுந்த வீடு எதற்கும் போகமாட்டேன். போனாலும் வாசலோடு திரும்பிவிடுவேன். கர்வம் பிடித்தவள் என்று எனக்குப் பெயர். நான் அந்தப் பெயரை மறுக்கவில்லை. உண்மைப் பெயரைவிட அது எனக்குப் பாதுகாப்பாக இருந்தது.

உனக்குப் பின்னால் ஒரு தங்கச்சியோ தம்பியோ ஏன் இல்லை என்று நீ சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பாய். அதற்குப் பதில் இதுதான். வேறு எதையும் விளக்கமாக எழுத ஒரு தாய்க்கு முடியாது. உன் வாப்பா தன் பாயை என் பாய்க்குப் பக்கத்தில்தான் விரித்தார், ஒரு நாளும் தள்ளி விரிக்கவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

உனக்கு உன் வாப்பாவைத் தெரியும். குழம்பில் உப்பு கொஞ்சம் கூடினால் தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போடுகிற மனுசன். அந்த மனுசன் என் துணிகளைத் துவைத்தார். யாவாரத்துக்குப் போவதற்கு முன்னால், விடியுமுன் பஜ்ர் தொழுதுவிட்டு வந்து, ஒரு வாளியில் போட்டு மூடிக் கொண்டுபோய் வாய்க்காலில் அலசிக்கொண்டு வருவார். நான் முதல் நாள் பிடுங்கப் போனேன். "பச்சப் புள்ளய வச்சிருக்க. குளிர்ல இறங்காத. நீ பைய உள்ள போ," என்றார். பச்சைப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் ஜன்னல் பக்கம் நின்றேன். வாய்க்கால் படியில் குளித்துக்கொண்டிருந்த ஒருத்தர், "என்ன பாய், பொண்டாட்டி துணியா?" என்று கேட்டுச் சிரித்தார். உன் வாப்பா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஆமா வே, என் வீட்டுத் துணிதான். ஒமக்கு இதுல என்ன தெரியணும்?" என்றார். அவர் அலசிய வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தெருவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது போல, வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்துக் கொடியில் விரித்துப் போட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு ஆணுக்குள் இப்படி ஒரு ஆள் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு வலித்தது தொழுகை போனதுதான். தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு நிமிர்வதற்குள் ஒளு முறிந்துவிடும். சுத்தமில்லாத உடம்போடு எப்படி அவன் முன்னால் நிற்பது? தொழுகை விரிப்பை, என் முசல்லாவை, மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பாங்கு சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன், காதில் விழக் கூடாது என்று. ஒரு நாள் உன் வாப்பா பள்ளியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தார். "பள்ளி ஹஸ்ரத்துகிட்ட கேட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பளைக்கின்னு பொதுவாத்தான் கேட்டேன்," என்றார். "தொழுக நேரம் வந்ததும் சுத்தம் செஞ்சி, துணி மாத்தி, ஒளு செஞ்சிட்டு தொழச் சொல்லுதாரு. தொழும்போது போனா போகட்டுமாம். அது ஒளுவ முறிக்காதாம். அவளால முடியாதத அல்லா அவகிட்ட கேக்க மாட்டான், அந்தப் பொம்பளய முசல்லாவ விரிக்கச் சொல்லும்னாரு." சாயங்காலம் தொழுகிற அசர் நேரம். வெயில் முற்றத்தில் பாதி தூரம் வந்திருந்தது. பெட்டியைத் திறந்து முசல்லாவை எடுத்து விரித்தேன். சுஜூதில் நெற்றியை வைத்தபோது எனக்குக் கீழே ஈரம் பரவுவது தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இந்த உடம்பைப் படைத்தவனுக்கு இந்த உடம்பில் எது ஓடுகிறது என்று தெரியாதா? அவன் என்னை அப்படியே ஏற்றுக்கொள்கிறான் என்ற பிரமிப்பில் நான் எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ, நீ வந்து என் முதுகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எழுந்தேன்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்பில் உனக்குப் பேச்சுப் போட்டியில் பரிசு கிடைத்தது. ஆண்டு விழாவில் அதே பேச்சை மேடையில் பேசச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளின் உம்மாவும் வந்தார்கள், நான் மட்டும் வரவில்லை என்று அன்றைக்கு நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். கல்யாணம் ஆன பிறகுகூட ஒரு தடவை சபீனாவிடம் அதைச் சொல்லியிருக்கிறாய். நான் வந்தேன் மவனே. பள்ளிக்கூடத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார முடியவில்லை. மதில் சுவருக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றுகொண்டேன். ஒலிபெருக்கி தெருவைப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். உன் பெயரைச் சொன்னதும் கை தட்டினார்கள். நீ இடையில் ஒரு வரியை மறந்து நின்றாய், தொண்டையைக் கனைத்தாய், பிறகு பிடித்துக்கொண்டு கடைசி வரை சொல்லி முடித்தாய். என் கால் வழியாக வழிந்து செருப்பு நனைந்திருந்தது. நீலமாகப் பிறந்து சத்தம் இல்லாமல் கிடந்த பிள்ளையின் குரல் ஒரு தெருவையே நிறைத்ததை நான் நின்று கேட்டேன். நீ பேசிய ஒவ்வொரு சொல்லையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தேன்.

நீ ஆறாம் வகுப்பு போன வருஷம் எனக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. குடிக்காமல் குடிக்காமல் சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டது. உன் வாப்பா என்னைப் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு டாக்டரம்மா, என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். காய்ச்சலுக்குப் பார்க்க வந்தவள், போர்வையை லேசாக நகர்த்தினாள். மூக்கைச் சுளிக்கவில்லை. கட்டில் ஓரத்தில், அந்த ஈரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எப்போதிருந்து இப்படிப் போகுது?"

"எம் மவன் பொறந்ததுல இருந்து."

"மவன் என்ன பண்ணுதான்?"

"ஆறாவது படிக்கான்."

அவள் கண் கலங்கியதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, என் கண் அப்போது சரியாகத் தெரியவில்லை. "இதைத் தைக்கலாம்மா," என்றாள். எனக்குப் புரியவில்லை. கிழிந்த பாவாடையைத் தைப்பதைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "பழைய காயம். முதல் தடவையிலேயே மூடிரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனா மூடக்கூடிய காயம்தான். நீங்க காய்ச்சல் தெளிஞ்சு வாங்க." மூடக்கூடிய காயம். ஏதோ ஒரு தெருவில் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது, அந்தத் தெருவுக்கு வழி சொல்ல ஒருவரும் இல்லாமல் போயிற்று.

உன்னிடம் கல் அடைப்புக்கு ஆபரேஷன் என்று சொன்னோம். நீ உன் சாச்சி வீட்டில் இருந்தாய். பக்கத்துச் சதையில் ஒரு துண்டை வளைத்து வைத்து, இரண்டு அடுக்காகத் தைத்தார்கள் என்று பிறகு சொன்னாள் டாக்டரம்மா. சில வாரங்கள் குழாய் போட்டிருந்தது. குழாயை எடுக்கும் நாளில் நான் கட்டிலில் புது விரிப்பை விரிக்க வேண்டாம் என்று சொன்னேன், வீணாகப் போகும் என்று. நர்ஸ் கேட்காமல் வெள்ளை விரிப்பையே விரித்தாள். எடுத்தார்கள். நான் அசையாமல் படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையைக் கீழே விட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மறுபடி தொட்டேன். காய்ந்திருந்தது. உன் வாப்பா கதவோரம் நின்றுகொண்டு, "என்ன புள்ள? என்ன?" என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து இழுத்து விரிப்பில் வைத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதைவிடப் பெரிய ஒன்று மத்தியானம் நடந்தது. அடிவயிற்றில் ஏதோ கனத்தது. இறுக்கிப் பிடிப்பது போல ஒரு மாதிரி இருந்தது. தையல் பிய்ந்துவிட்டது என்று பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒங்களுக்கு ஒண்ணுக்கு வருது, அவ்வளவுதான்," என்றாள். எனக்கு அந்த உணர்வு மறந்தே போயிருந்தது. நான் எழுந்து, அடக்கிக்கொண்டு, அந்த நீள வராந்தாவில் பைய நடந்து போனேன். அடக்கிக்கொண்டு நடந்தேன் மவனே. உலகத்தில் எல்லா மனுசரும் தினமும் யோசிக்காமல் செய்கிற காரியம். மடையைப் போட்டால் நிற்கிறது, திறந்தால் போகிறது. இந்தச் சின்ன உடம்புக்குள் இப்படி ஒரு மடையைக் கட்டி வைத்தவனை நினைத்து, கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

நான் நல்லபடியாகத் திரும்பி வந்தது தெருவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் மறைக்கவும் இல்லை. பீடி சுற்றும்போது என் பக்கத்தில் உட்காருவாளே மைதீன் பாத்து, உனக்கு மிட்டாய் வாங்கித் தருவாளே, அவள் ஒரு நாள் எல்லோரும் போன பிறகு என் காதோடு சொன்னாள். "எனக்கு மூணாவது புள்ளயில இருந்து கர்ப்பப்பை எறங்கி வெளிய வந்துருது ராத்தா. காலைல உள்ள தள்ளி வச்சிட்டுத்தான் கொடத்தத் தூக்குவேன். மத்தியானம் மறுபடி வந்துரும்." எத்தனை வருஷம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்! நான் என் ஈரத்தை அவளிடமிருந்து மறைத்தேன், அவள் தன் பாரத்தை என்னிடமிருந்து மறைத்தாள். இரண்டு பேரும் சோற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். அவளை நான்தான் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். தும்மினால் போகிறவர்கள், உட்கார்ந்தால் வலிக்கிறவர்கள், புருஷன் பக்கத்தில் வந்தாலே உயிர் போகிற மாதிரி வலிக்கிறவர்கள். இவ்வளவையும் உடம்புக்குள் வைத்துக்கொண்டு இவர்கள் தண்ணீர் சுமந்தார்கள், பிள்ளைகளை அடுத்தடுத்துப் பெற்றார்கள், நோன்பு வைத்தார்கள். அன்றிலிருந்து தெருவில் நடந்து போகும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் எனக்குள் ஒரு மரியாதை எழும், அவள் யாராக இருந்தாலும்.

என் காயம் மூடிவிட்டது, ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்காதே. பலமாக இருமினால் இன்றும் கொஞ்சம் கசியும். இடது கால் நீண்ட தூரம் நடந்தால் மரத்துப்போகும். எந்த வீட்டில் நாற்காலியிலிருந்து எழுந்தாலும் என் கண் தானாகத் திரும்பி அந்த இடத்தைப் பார்க்கும். உடம்பு ஆறிய பிறகும் பயம் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது சபீனாவிடம் வருகிறேன். உன் மகள் நல்ல கனமான பிள்ளை. அவள் வெளியே வரும்போது சபீனாவுக்குப் பின்பக்கம் வரை கிழிந்துவிட்டது. தைத்தார்கள். மேலே ஆறியது, உள்ளே மலத்தை அடக்குகிற தசை சரியாகச் சேரவில்லை. காற்றை அடக்க முடியவில்லை. சில நாள் அதற்கு மேலும் ஆகிவிடுகிறது. அவசரம் வந்தால் கழிப்பறைக்கு ஓட நேரம் இல்லை. இந்த நிலையில், மடியில் குழந்தையோடு, நடுவில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டு, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லும் விமானத்தில் அவள் எப்படி வருவாள்? அங்கே வந்தால் நீ பார்த்து வைத்திருக்கும் வீட்டில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை என்று நீதானே சொன்னாய்? போனில் அவள் உன்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்புவது வெறுப்பு இல்லை. அந்த நேரத்தில் அவள் தன் உடம்பைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள், எந்த நிமிஷம் ஓட வேண்டியிருக்குமோ என்று.

நானாகக் கண்டுபிடித்தேன் என்று நினைக்காதே. நான் வாயைத் திறக்கும் முன்னால் அவளே சொன்னாள். ரெண்டாவது டிக்கெட்டையும் ரத்து செய்த அடுத்த நாள், நான் மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மேலே வந்தாள். நிமிர்ந்து நின்று, என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமி, எனக்குப் பின்னால அடக்க முடியல. சில நேரம் வாரதே தெரிய மாட்டேங்கு. இது தானா சரியாவுற காரியமாத் தோணல. நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும். கூட வருவியளா?"

நான் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டேன். நீ ஆறாவது போகும் வரை, யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். இந்தப் பிள்ளை யாரும் கேட்கக் காத்திருக்கவில்லை. இவளுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அவள் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்காரவைத்து, உனக்கு இதுவரை எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "பேச்சுப் போட்டிக்கு நீங்க வந்தது அவருக்குத் தெரியுமா மாமி?" என்பதுதான்.

மறுநாள் போனோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். தசை ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. இப்போது அதற்கென்று பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். சில மாதம் பயிற்சி செய்துவிட்டு, எவ்வளவு தேறுகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்து சேர்க்கலாம் என்றார் டாக்டர். அடுத்த பிள்ளை என்று வந்தால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பயிற்சி தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாரம் ஒரு நாள் வண்ணார்பேட்டைக்குப் போய் வருகிறோம். முன்னைக்கு இப்போது பரவாயில்லை. போன வாரம் ஜங்ஷன் வரை பேருந்தில் போய்ப் பிள்ளைக்குச் சட்டை எடுத்து வந்தோம். திரும்பி வரும்போது பாலத்தில் நெரிசல், பேருந்து நகரவில்லை. அவள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். கீழே ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பேருந்து கிளம்பி வீடு வந்து சேரும் வரை அவள் தாங்கிவிட்டாள். உள்ளே போய்விட்டு வந்தவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீ அவளை மறுபடி கல்யாணம் செய்துகொள்வாய்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. அவள் வாப்பாவிடம் எதுவும் பேசாதே. டிக்கெட் போடாதே. விடுமுறை கேள், நீ வா. வந்ததும் அவளை எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, அவள் சொல்லும் பதிலைப் பாதியில் நிறுத்தாமல் கேள். அவள் எழுந்து ஓடினால் பிள்ளையை வாங்கிக்கொள். அவள் பக்கத்தில் வர வேண்டாம் என்றால் வராதே, வா என்று அவள் சொல்லும் நாள் வரும். ஆபரேஷன் என்று ஆனால் கையெழுத்துப் போடவும் கட்டிலோரம் நிற்கவும் நீ இங்கே இரு. அவள் உன் பிள்ளையை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்த வழியில் விழுந்த காயம் அது. அதைப் பார்த்து நீ வெட்கப்படாதே, இரக்கப்படவும் வேண்டாம். அண்ணாந்து பார்.

எழுதி முடித்ததைச் சபீனாவிடம் வாசிக்கக் கொடுத்தேன், அவளுடைய விஷயம் இருப்பதால். ஒரு வரியைக்கூட அடிக்கச் சொல்லவில்லை. "இத அவருக்கு மட்டும் அனுப்பாதிய மாமி," என்றாள். "அவரு ரூம்ல எட்டுப் பேரு இருக்காவ. எட்டுப் பேருக்கும் ஊர்ல பொண்டாட்டி இருக்கு. பேர மாத்திட்டு எல்லாரும் வாசிக்கிற மாதிரி எங்கயாவது போடச் சொல்லுங்க." அதனால்தான் இதில் என் பெயர் இல்லை, உன் பெயர் இல்லை, அவள் பெயரும் உண்மையில் வேறு. உனக்குத் தெரியும், அது போதும்.

இப்போது அடுத்த அறையில் அவள் உன் மகளுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளை கையை உள்ளே விடாமல் ஏதோ சேட்டை செய்கிறது போல. சபீனா வாய்விட்டுச் சிரிக்கிறாள். சிரிப்பு சட்டென்று நிற்கிறது. இங்கே வந்து என்னிடம் பிள்ளையை நீட்டிவிட்டு ஓடுகிறாள், கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. இதோ, திரும்பி வந்துவிட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கி, விட்ட இடத்திலிருந்து சிரிக்கிறாள்.

உன் உம்மா